8 லட்சம் பாட் பணமும் அதன் தேதிகளும்: தாய்லாந்து ஓய்வுக்கால விசா அனுபவம்

தாய்லாந்தில் ஓய்வுக்கால அடிப்படையில் ஆண்டுதோறும் தங்கல் நீட்டிப்புப் பெற விரும்புவோருக்கு 50 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்குமேல் கேட்கப்படுவது பெரும்பாலும் பணத்தைப் பற்றியதுதான். தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் (அந்நாட்டு நாணயம்) வைப்பு, அல்லது மாதம் 65,000 பாட் வருமானம், அல்லது இரண்டும் சேர்ந்து ஆண்டுக் கணக்கில் 8 லட்சம் பாட் என மூன்று வழிகள் உண்டு. நான் 2025 மார்ச்சில் பாங்காக் சென்று முதல் வழியில் இதை முடித்தேன். விதிகளைப் படித்தபோது தொகையே பெரிதாகத் தெரிந்தது. உண்மையில் என் நேரத்தையும் கவனத்தையும் எடுத்துக்கொண்டது, அந்தப் பணம் எங்கிருந்து, யார் பெயரில், எந்தத் தேதியில் வந்தது என்பதற்கான தாள்களைச் சேர்ப்பதுதான்.

மாத வருமான வழி என்னைப் போன்ற ஓய்வூதியருக்கு எட்டாதது. அன்றைய மாற்று விகிதத்தில் 65,000 பாட் என்பது ஏறத்தாழ 1.65 லட்சம் ரூபாய். என் ஓய்வூதியம் அதில் பாதிகூட வராது. அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியத் தூதரகங்கள் வருமானச் சான்றுக் கடிதம் தருவதை 2019 தொடக்கத்துக்குள் நிறுத்திவிட்டதால், அந்நாட்டினர்கூட மாதந்தோறும் வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததைத் தாய் வங்கிக் கணக்கிலேயே காட்ட வேண்டியிருக்கிறது. ஒரு மாதம் தவறினாலும் விளக்கம் சொல்ல வேண்டிய அந்த ஏற்பாட்டைவிட, கைவசம் சேமிப்பு இருப்பவருக்கு மொத்தமாக வைத்துவிடுவதே நிம்மதி என்பது என் கருத்து.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி முன்கூட்டிப் பிடிக்கும் வரி. இந்தியாவில் குடியிருப்பவர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வழிசெய்யும் ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்பதால் 8 லட்சம் பாட்டுக்கு வரம்புச் சிக்கல் இல்லை. ஆனால் குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் பகுதிக்கு வங்கி 20 விழுக்காட்டைப் பிடித்து வருமான வரித் துறைக்குச் செலுத்திவிடும். அந்த எல்லை 2025 மார்ச் 31 வரை 7 லட்சம் ரூபாயாக இருந்தது; ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ஆனது. எனக்குத் தேவைப்பட்டது ஏறத்தாழ 21 லட்சம் ரூபாய். அதை மார்ச்சிலேயே ஒரே தவணையில் அனுப்பியிருந்தால் 14 லட்சத்துக்கு 2.8 லட்சம் பிடிபட்டிருக்கும். 7 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான தொகையை மார்ச் இறுதியிலும் மீதியை ஏப்ரல் முதல் வாரத்திலும் அனுப்பியதால் பிடித்தம் 80,000 ரூபாய் அளவில் நின்றது. பிடித்த பணம் தொலைந்துபோவதில்லை. நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் அறிக்கையில் (அப்போது 26ஏஎஸ் படிவம்) பதிவாகி, கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழிக்கப்படும் அல்லது திரும்பி வரும். ஆனாலும் ஏப்ரலில் பிடிபடும் தொகைக்கு அடுத்த ஆண்டு தாக்கல் வரை காத்திருக்க வேண்டும் என்பதை, வட்டியில் வாழும் மனிதர் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். எல்லை ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனி என்று நினைத்துப் பிரித்து அனுப்புவதிலும் பயனில்லை; பான் எண்ணை வைத்து எல்லாம் ஒன்றாகக் கூட்டப்படும்.

பணம் அனுப்ப அங்கே ஒரு கணக்கு வேண்டும். விசா இல்லாமலே, விசா விலக்கில் (2025இல் 60 நாள் அனுமதி) வந்தவருக்குக் கணக்குத் திறக்க வங்கிகள் தயங்குகின்றன. நான் கேட்ட சில கிளைகள் நேரடியாகவே மறுத்துவிட்டன. இறுதியில் ஒரு கிளை, வீட்டு வாடகை ஒப்பந்தத்தையும் குடியேற்ற அலுவலகம் தரும் வசிப்பிடச் சான்றையும் பெற்றுக்கொண்டு திறந்தது. கணக்கு தனிப் பெயரில் இருப்பது முக்கியம். கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் 8 லட்சம் காட்டினால் அதை ஒருவருடைய பணமாக ஏற்கமாட்டார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் உண்டு. பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுமையாக விரிந்து குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஊர் வங்கிக் கணக்கிலோ அது ஒற்றை இனிஷியலாக இருக்கும். தாய் வங்கி பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதும். பணம் அனுப்பியவரும் பெற்றவரும் ஒருவரே என்பதைத் தாளில் பார்த்து முடிவு செய்யும் அலுவலருக்கு அவை இரண்டு மனிதர்களின் பெயர்கள். புறப்படும் முன்பே ஊர்க் கிளையில் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கணக்கின் பெயரை விரித்துத் திருத்திக்கொண்டேன். இதை எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வேன். அதே நாளில் கைப்பேசி எண்ணுக்கு ரோமிங் வசதியையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஓடிபி வராமல் பாங்காக்கிலிருந்து ஒரு ரூபாயும் நகராது.

பணத்தைத் டாலராக அனுப்பி, பாட்டாக மாற்றும் வேலையைத் தாய் வங்கியிடம் விடுவது பொதுவாக லாபம். இடையில் நிற்கும் வங்கிகள் கட்டணம் கழித்துக்கொள்ளக்கூடும் என்பதால் சரியாக 8 லட்சத்தைக் குறிவைக்கக் கூடாது. நான் 8,20,000 பாட் வருமாறு அனுப்பினேன். டெபிட் கார்டின் ஆண்டுக் கட்டணமாகச் சில நூறு பாட் போய், இருப்பு 7,99,800 என்று நின்றாலும் அது 8 லட்சம் ஆகாது. பாஸ்புக்கில் பணம் வந்த வரியின் ஓரத்தில் ஒரு சிறு குறியீடு அச்சாகும். பாங்காக் பேங்க்கில் அது எஃப்டிடி. வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதற்கு அந்த மூன்றெழுத்துதான் முதல் சாட்சி. அதோடு நில்லாமல் ஒவ்வொரு வரவுக்கும் வங்கியிடம் தனியாகச் சான்றும் வாங்கிக்கொண்டேன்.

சொங்க்ரான் புத்தாண்டுக்காக ஏப்ரல் 13 முதல் 15 வரை அலுவலகங்கள் மூடப்படும் என்பதால், அதற்கு முன்பே இரண்டாம் தவணை சேர்ந்தது நல்லதாயிற்று. விடுமுறை முடிந்ததும் பாங்காக்கின் செங் வத்தனா பகுதியில் உள்ள குடியேற்ற அலுவலகத்தில், அனுமதியில் 15 நாட்களுக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே, டிஎம்.87 படிவமும் 2,000 பாட் கட்டணமும் கொடுத்து ஓராண்டு நீட்டிப்புக்கு முன்படியான நான்-இமிக்ரண்ட் ஓ விசா வகைக்கு மாற்றம் கேட்டேன். இந்தக் கட்டத்தில் பணம் இத்தனை மாதம் கணக்கில் கிடந்திருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்ததா என்று மட்டும் பார்க்கிறார்கள். 90 நாட்கள் கிடைத்தன.

அந்த 90 நாட்களின் கடைசி மாதத்தில் டிஎம்.7 படிவத்தில் ஓராண்டு நீட்டிப்புக் கேட்க வேண்டும்; கட்டணம் 1,900 பாட். இங்கேதான் தேதிகள் பேசத் தொடங்குகின்றன. விண்ணப்பத்துக்கு முந்தைய இரண்டு மாதங்கள் 8 லட்சம் குறையாமல் இருந்திருக்க வேண்டும். நீட்டிப்புக் கிடைத்த பிறகும் மூன்று மாதங்கள் அப்படியே இருக்க வேண்டும். அதன்பின் 4 லட்சம் வரை இறக்கிக்கொள்ளலாம். அடுத்த விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பு மறுபடி 8 லட்சம். 2019இல் வந்த இந்த ஏற்பாட்டின்படி 4 லட்சம் பாட் என்பது தங்கியிருக்கும் காலம் முழுவதும் தொட முடியாத பணம். மருத்துவச் செலவுக்கு இதை நம்பி வருகிறவர் ஏமாந்துபோவார். அதற்கு வேறு பணம் வேண்டும்.

இருப்பை உறுதிசெய்யும் வங்கிக் கடிதத்தை விண்ணப்பிக்கும் அன்று காலையில் வாங்குவதே பாதுகாப்பு. நான் கிளை திறந்ததும் 100 பாட் செலுத்தி, அன்றைய தேதியில் ஒரு வரி பாஸ்புக்கில் விழச் செய்து, எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் நீல மையில் கையெழுத்திட்டுக் கொண்டுபோனேன். அலுவலர் கடிதத்தைச் சற்று நேரமே பார்த்தார். பாஸ்புக்கின் வரவு வரிகளில் பேனா நுனியை வைத்து, இரண்டு மாதங்களைப் பின்னோக்கி எண்ணிய பிறகே முத்திரையை எடுத்தார். வீட்டு உரிமையாளர் என் தங்கலைப் பதிவு செய்த டிஎம்.30 ரசீதையும் கேட்டார்.

2024 ஜனவரி முதல், ஆண்டில் 180 நாட்களுக்குக் குறையாமல் தாய்லாந்தில் இருப்பவர் உள்ளே கொண்டுவரும் வெளிநாட்டு வருமானம் வரிக்கு உட்பட்டது. அதற்கு முன் ஈட்டிய சேமிப்புக்கு இது பொருந்தாது. ஆகவே 2023 டிசம்பர் 31 அன்று என் இந்தியக் கணக்குகளில் இருந்த இருப்பைக் காட்டும் ஸ்டேட்மென்ட்டை முத்திரையோடு வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த கட்டமாக ஊர்க் கணக்கை என்ஆர்ஓவாக (வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் ஊரில் வைத்திருக்கும் கணக்கு) மாற்ற விண்ணப்பித்திருக்கிறேன்; வெளிநாட்டில் குடியிருப்பவர் என்ற நிலை வந்தபின் அதிலிருந்து அனுப்பும் பணம் எல்ஆர்எஸ்ஸில் சேராது, டிசிஎஸ் பிடித்தமும் இல்லை. பதிலுக்கு, பணம் அனுப்புவதை வரித் துறைக்கு அறிவிக்கும் படிவமும் (அப்போது 15சிஏ), தேவைப்படும் இடத்தில் ஆடிட்டரின் சான்றும் (அப்போது 15சிபி) தர வேண்டும்.