பச்சைப் பசை போனது, கறுப்பு இருக்கட்டும்

பழைய பிவிசி பிளாஸ்டிக் ஆல்பத்திலிருந்து எடுத்துச் சுத்தம் செய்த 14 காசுகளில் 11 தேறிவிட்டன. மிச்சம் மூன்றும் வெண்கலம், இன்னும் மல்லுக்கட்டுகின்றன.

எல்லாமே புழங்கித் தேய்ந்தவை. பிவிசி விட்ட பிசுபிசுக்கும் பச்சை, டேப் பசை, கை எண்ணெய் மூன்றும் மேலே ஒட்டியவை, அவற்றை எடுக்கலாம். பழுப்பும் கறுப்பும் அப்படியல்ல, உலோகமே மாறிய தோல் அது. வெள்ளியில் படிந்த கறுப்பை 'டிப்' எனும் வெள்ளி துலக்கும் திரவத்தில் கரைத்தால் மேற்பரப்பும் சேர்ந்தே கரைகிறது. உயிரில்லாத வெளுப்புதான் மிஞ்சும். செம்பில் எலுமிச்சையும் உப்பும் பட்டால் இளஞ்சிவப்பு நிறம் வந்து, பிறகு திட்டுத்திட்டாகக் கறுக்கும்.

அசிட்டோன் குளியல்தான் இந்த வேலையின் உயிர். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். 'தின்னர்' என்று விற்பதும் கலவைதான். கண்ணாடிக் கிண்ணம், திறந்த ஜன்னல், பக்கத்தில் நெருப்பே கூடாது. முதல் சுற்றில் ஒரே கிண்ணத்தில் 2 மணி நேரம் ஊறியவை காய்ந்ததும் வெண்மூட்டத்தோடு வந்தன. அசிட்டோன் சட்டென ஆவியாகும்போது, அதில் கரைந்திருந்த பசை காசின் மேலேயே திரும்பப் படிந்துவிடுகிறது. அதனால் இப்போது மூன்று கிண்ணம்: முதலில் 1 மணி நேரம், அடுத்ததில் 10 நிமிடம், கடைசியில் புது அசிட்டோனில் ஒரு முக்கு. காசுகள் ஒன்றோடொன்று உரசாமல் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எடுக்கும்போது விளிம்பைப் பிடித்துச் சாய்த்தால் துளி கீழ்விளிம்புக்கு ஓடி வரும். அதை மட்டும் மையொற்றுத் தாளில் தொட்டு எடுக்க வேண்டும். காசின் முகத்தில் துணி படவே கூடாது. மெல்லிய துணிகூட ஒரே திசையில் கீறல் போடும். ஒற்றை விளக்கின் கீழ் காசைச் சுழற்றினால் 10 மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (கைக்கண்ணாடியில்) அது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

அந்தக் கீறல்தான் விலையைத் தின்கிறது. காசுகளுக்குத் தரம் குறிக்கும் நிறுவனங்களான பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டும் துலக்கிய காசுக்கு எண் தரம் தராமல் 'டீடெய்ல்ஸ்' என்று மட்டும் குறித்துவிடும். ஆண்டு, தங்கசாலைக் குறி (அச்சடித்த இடத்தின் அடையாளம்), தேய்மானம் இவைதான் விலை சொல்கின்றன. தேய்ந்துபோன எழுத்து எந்தத் திரவத்திலும் திரும்பாது. ஏராளமாக அச்சான காசைத் துலக்கினாலும் விலை ஏறப்போவதில்லை, அரிய காசு என்றால் நிச்சயம் இறங்கும். வெள்ளிக் காசுக்குக் குறைந்தபட்சம் உலோக விலை உண்டு: 10 கிராம், 90 சதவீதம் என்றால் 9 கிராம் வெள்ளி. கறுத்திருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது.

தேறியவை பிவிசி இல்லாத மைலார் ஃபிளிப்புக்கு (ஒளி ஊடுருவும் சின்ன உறைக்கு) போய்விட்டன. மைலார் விறைப்பானது, காசை நுழைக்கும்போது உரசாமல் பார்க்க வேண்டும்.

வெண்கலம் மூன்றில் இரண்டில் கெட்டிக் களிம்பு. மினரல் ஆயிலில் ஊறுகின்றன. இளகியதும் மூங்கில் குச்சியால் கிளப்பலாம். மூன்றாவதில் வெளிர்பச்சைத் தூள், துடைத்தாலும் திரும்ப வருகிறது. குளோரைடு உள்ளே இறங்கி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அரித்துக்கொண்டே இருக்கிறது. இதற்கு அசிட்டோன் உதவாது. 5 சதவீத சோடியம் செஸ்குவிகார்பனேட் எனும் கார உப்பின் கரைசலைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும், வாரம் ஒருமுறை மாற்றி. மேல்நிறம் கொஞ்சம் மாறும், தூளுக்கு அடியில் குழியும் இருக்கும். அதுவரை மற்ற காசுகளிலிருந்து விலக்கி, சிலிக்கா ஜெல் போட்ட தனி டப்பாவில் இருக்கிறது.