வைக்கோல், தும்பு, பன்னாடை: மண்சுவர் அறை இப்போது எந்த மட்டில்

நாலு சுவரும் எழும்பிவிட்டன, பனையோலை வேய்ந்தாயிற்று, உள்பூச்சு முடிந்தது, வெளிப்பூச்சில் வடக்கும் கிழக்கும் மட்டும் மிச்சம். கிளிநொச்சிப் பக்கம் எங்கள் வளவின் பின்புறத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று, விதைநெல் வைக்கவும் வெயில் நேரத்தில் இருந்து எழுதவும். சீமெந்து குந்தோடு, அதாவது சுவரின் அடிமேடையோடு, நின்றுவிட்டது. அதற்கு மேலே இருப்பதெல்லாம் தடியும் மண்ணும் நாரும்தான்.

மண்வீடு இங்கே புதிதில்லை. 2009 க்குப் பிறகு தகரக் கொட்டிலுக்குள் ஒரு வைகாசி மாதத்தைக் கழித்தவர்களுக்கு, அதற்கு முன் இருந்த மண்வீட்டின் அருமை நன்றாகவே தெரியும். ஆனால் அந்த வீடுகளில் வைக்கோல் எவ்வளவு போட்டார்கள், எதற்குப் போட்டார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள். நார் சுவருக்குள் என்ன வேலை செய்கிறது என்று கையால் செய்து பார்த்து அறிய வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. காலபோக நெல் வெட்டு முடிந்ததும் வயலிலேயே வைக்கோலைக் கொளுத்துகிறோம், தும்பு எடுக்கக்கூடிய தேங்காய்ப் பொச்சுமட்டை வேலியோரம் குவிந்து கிடக்கிறது, பிறகு வீடு கட்ட என்று லொறியில் சீமெந்து இறக்குகிறோம். உலகத்தில் மனிதச் செயல்களால் வெளியேறும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு 8 அளவு சீமெந்துத் தொழிலில் இருந்து வருகிறது. இதை வாசித்த நாளிலிருந்து வயலில் அந்த வைக்கோல் புகையைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கேட்பதில்லை.

முதலில் மண். கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மண், மிச்சத்துக்குத் தண்ணீர், கொஞ்சம் உப்பு, நன்றாகக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வைத்தால் மணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களி மேலேயும் படியும். எங்கள் வளவு மண்ணில் களி கிட்டத்தட்ட கால்வாசி, அது போதும். மன்னார்ப் பக்கத்து முருங்கன் கறுப்புக் களி நல்ல பிடிப்பு, அதை ஏற்றிக்கொண்டு வா என்று ஒருவர் சொன்னார். பிடிப்பு உண்மைதான், காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கே அந்தக் களி போனது. ஆனால் அது நனைந்தால் ஊதும், காய்ந்தால் கைநுழையும் அளவுக்கு வெடிக்கும். சுவருக்கு ஆகாது.

வைக்கோலில் கவனிக்க வேண்டியது நீளம். வெட்டு மெசின் துப்பும் வைக்கோல் நொறுங்கிக் குட்டையாய் இருக்கும், கையால் வெட்டிச் சூடு மிதித்த (கதிரை மிதித்து நெல் பிரித்த) வைக்கோல் நீளமாய், முறியாமல் கிடைக்கும். கப்பு என்னும் மரத்தூண்களுக்குக் குறுக்கே தடிகளைக் கட்டிய வரிச்சுக்குள் அடைக்கும் மண்ணுருண்டைக்கு இரண்டாவதுதான் சரி, ஏனென்றால் அது தடியைச் சுற்றி மடிந்து மறுபக்கத்து உருண்டையோடு பின்னிக்கொள்ளும். மெசின் வைக்கோலைப் பூச்சுக்கு ஒதுக்கினேன். குழைத்த அன்றைக்கே அடைக்கலாம் என்று நின்றபோது பக்கத்து வளவுப் பெரியம்மா வந்து ஒரு பிடி எடுத்து மணந்து பார்த்துவிட்டு, "இது இன்னும் பச்சையாக் கிடக்கு தம்பி, புளிக்க விடு, மணம் மாறினாப் பிறகு தொடு" என்றார். படங்கால் மூடி ஒரு கிழமைக்கு மேல் விட்டேன். திறந்தபோது சாணி மணம் போல ஒன்று, மண் கையில் வெண்ணெயாய் இழுபட்டது. வைக்கோல் ஊறிப் பதமாகிவிடுவதால் அதிலிருந்து கசியும் பசை களியோடு சேர்கிறது. காத்திருந்தது வீண்போகவில்லை.

வரிச்சுத் தடிகளை ஆணி அடிக்காமல் பனைமட்டை நாரை ஊறவைத்துக் கட்டினேன். ஈரத்தில் கட்டிய நார் காயும்போது இறுகும். ஆணியடித்த இடத்தில் தடி பிளக்கும், துரு ஏறும். இதில் இரண்டும் இல்லை.

இனிப் பூச்சு. ஒரே மண்ணில் மூன்று பலகை பூசி வெயிலில் வைத்தேன்: ஒன்று வெறும் மண், ஒன்று நறுக்கிய வைக்கோல் சேர்த்தது, மூன்றாவது ஓரங்குல நீளத்துக்கு வெட்டிய தென்னந்தும்பு. வெறும் மண் மறுநாளே ஒரு ரூபாய்க் குற்றி நுழையும் அளவுக்கு வெடித்துப்போனது. வைக்கோல் பலகையில் மயிர்க்கோடு போலச் சில வெடிப்புகள். தும்புப் பலகையில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. சரி என்று இரண்டையும் உடைத்தேன். வைக்கோல் உடைந்த வாயில் வழுவழுப்பாய், மண் ஒட்டாமல் உருவிக்கொண்டு வந்தது, அதன் மேல்தோலில் மெழுகுப்பூச்சும் சிலிக்காவும் இருப்பதால் களி பிடிப்பதில்லை. தும்போ ஒவ்வொரு இழையிலும் மண் துணுக்கு ஒட்டிய மாதிரியே நீட்டிக்கொண்டு நின்றது, பலகை இரண்டாய் முறிந்த பிறகும் துண்டுகள் விழாமல் தும்பில் தொங்கின. தும்பு சொரசொரப்பானது, மற்ற நார்களைவிட நிறைய இழுபட்டுக் கொடுத்த பிறகுதான் அறும். அதோடு அதில் லிக்னின் என்ற, நாருக்கு உறுதி தரும் பொருள் நூற்றுக்கு 40 அளவில் இருப்பதால் உக்குவதும் மெதுவாகத்தான். ஆகவே உடம்புக்கு வைக்கோல், தோலுக்குத் தும்பு என்று முடிவெடுத்தேன். வைக்கோல் சுவரின் பாரத்தைக் குறைத்துக் காற்றைப் பிடித்துவைக்கிறது, தும்பு வெடிப்பைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே வேலை செய்யும் என்று எண்ணிக் கிடைத்ததைப் போடுவதில்தான் பல மண்சுவர்கள் கெட்டுப்போகின்றன என்று நினைக்கிறேன்.

கப்பும் மண்ணும் சேரும் இடத்தில் எப்படிப் பூசினாலும் நெடுக ஒரு கோடு விழும், மரம் ஒரு விதமாகவும் மண் வேறு விதமாகவும் சுருங்குவதால். அங்கே மட்டையின் அடியில் வளரும் பன்னாடையை ஊறவைத்து விரித்து, முதல் பூச்சு ஈரமாய் இருக்கும்போதே அழுத்தி மேலே இன்னொரு பூச்சுக் கொடுத்தேன். வலை மாதிரிப் பின்னியே வருவதால் வெட்டி வைத்தால் போதும். இதுவரை உள்பக்க மூலைகளில் கோடு இல்லை. இந்த அறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தெரிந்த மேசன் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் வடிவாத்தான் இருக்கு, வெளிப்பூச்சுக்கு ஒரு பை சீமெந்து கலந்தா மழைக்கு நிக்கும்" என்றார். அக்கறையோடு சொன்னார், ஆனாலும் நான் கலக்கவில்லை. சீமெந்தின் காரம் நாரின் லிக்னினைக் கரைத்து, நாளடைவில் இழையை மொறுமொறுவென்று முறியும்படி ஆக்கிவிடும், பிறகு தும்பு போட்டும் போடாத கதைதான். அதோடு சீமெந்துப் பூச்சு மண்சுவருக்குள் போன ஈரத்தை வெளியே விடாது. களி அப்படியில்லை, தனக்குள் கிடக்கும் நாரின் ஈரத்தைத் தான் இழுத்துக்கொண்டு காற்றுக்கு விட்டுவிடும். பழைய மண்வீட்டை இடிக்கும்போது உள்ளே வைக்கோல் மஞ்சள் நிறத்தோடேயே கிடப்பதற்கு இதுதான் காரணம். அமெரிக்காவில் நெப்ராஸ்காவில் 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில், வைக்கோல் கட்டும் இயந்திரம் வந்த பிறகு, கட்டுகளையே கல்லாக அடுக்கி வீடு கட்டினார்கள். அதையும் யோசித்தேன். கட்டுக்குள் ஈரம் நூற்றுக்கு 20 ஐத் தாண்டக்கூடாது, எங்கள் கார்த்திகை மார்கழிக் குளிர்ச்சியில் அதைக் காப்பது கஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

கறையானுக்குக் கப்பின் அடியைக் கருக்கி நட்டேன், வேப்பங்கொட்டைத் தண்ணீரும் ஊற்றினேன். ஆனால் நான் நம்புவது ஒன்றரையடிக் குந்தைத்தான். அது வெறுமையாக இருப்பதால் கறையான் ஏறினால் மண்கோடு உடனே கண்ணில் படும், தட்டிவிடலாம்.

சூடு பற்றிக் கேட்கிறார்கள். உச்சிவெயிலில் தகரக் கொட்டிலுக்குள் 41 பாகை காட்டிய நாளில் இந்த அறைக்குள் 33. சுவருக்கு மட்டும் இந்தப் பெயரைக் கொடுக்க மாட்டேன், பெரிய பங்கு ஓலைக்கூரைக்குத்தான். சுவரின் குணம் பின்னேரத்தில் தெரியும், வெளியே மண் கொதிக்கும்போதும் உள்பக்கம் கை வைத்தால் சூடு இல்லை.

வடக்கையும் கிழக்கையும் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் வாடைக்காற்று. மாரிச் சாரல் அந்த இரண்டு சுவரிலும்தான் நேராக அடிக்கும். அங்கே தாழ்வாரத்தை மூன்றடிக்கு இறக்கியாயிற்று. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் பூச்சுக் காயாது என்பதால் இப்போதைக்குக் கிடுகுத் தட்டி கட்டி மறைத்திருக்கிறேன், தை பிறந்ததும் தட்டியை அவிழ்த்துத் தும்புப் பூச்சு, அது முற்றாகக் காய்ந்ததும் மேலே மெல்லிய சுண்ணாம்பு. மிச்சத் தும்பை நனையாமல் உரப்பையில் கட்டிப் பரணில் போட்டாயிற்று.