ரோலை யாரிடம் கழுவக் கொடுப்பது

திருகோணமலையில் பிலிம் கமரா வைத்திருப்பவர்களுக்கு ரோல் வாங்குவதை விடப் பெரிய தலையிடி, எடுத்து முடித்த ரோலை எங்கே கழுவுவது (டெவலப் பண்ணுவது) என்பதுதான். பேஸ்புக்கில் லாப்காரர் போடும் ஸ்கான்களைப் பார்த்து, "கலர் நல்லாயிருக்கு" என்று முடிவெடுப்பவர்கள் அதிகம். ஸ்கான் சரியில்லை என்றால் அதே நெகட்டிவைப் பத்து வருடம் கழித்தும் வேறு இடத்தில் கொடுத்து ஸ்கான் பண்ணலாம். கழுவினதில் பிழை வந்தால் பெரும்பாலும் திருத்த முடியாது. எனவே லாப்பை எடைபோட வேண்டியது அது திருப்பித் தரும் நெகட்டிவை வைத்து.

முதல் கேள்வி: கழுவும் இடமா, வாங்கி அனுப்பும் இடமா? "பிலிம் எடுப்போம்" என்று சொல்லும் கடை, ரோல்களைச் சேர்த்து வைத்து கொழும்புக்கு அனுப்பும் கடையாகவும் இருக்கலாம். அதில் குற்றமில்லை. ஆனால் பத்து ரோல் சேரும் வரை உங்கள் ரோல் கண்ணாடி அலுமாரிக்குள் வெயில் பட்டுக்கொண்டு கிடந்தால் அது குற்றம். எந்த நாளில் அனுப்புகிறார்கள், அதுவரை எங்கே வைக்கிறார்கள் என்று நேரே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் நீங்களே அனுப்புவது மேல்.

அடுத்தது, கிழமைக்கு எத்தனை நாள் கலர் பிலிம் ஓடுகிறது? கலர் நெகட்டிவுக்கான சி-41 முறையில் படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் மருந்து 37.8 பாகை செல்சியஸில் நிற்க வேண்டும், 0.15 பாகைக்கு மேல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. நேரம் 3 நிமிடம் 15 செக்கன். இயந்திரத்தில் ஓடும் ஒவ்வொரு ரோலுக்கும் கொஞ்சம் புது மருந்து சேர்ந்துகொண்டே இருக்கும். ரோல் வரத்துக் குறைந்தால் மருந்து தொட்டிக்குள் சும்மா நின்று காற்றுப்பட்டுக் கெடும். பழைய பெயரும் பெரிய இயந்திரமும் இருந்தும் கிழமைக்கு நாலு ரோல் மட்டும் வரும் லாப்பை விட, ஒரு லீற்றர் மருந்துக் கிட் கலக்கிக் கைத்தொட்டியில் கவனமாகக் கழுவும் சின்ன இடம் நல்லது. அங்கே கேட்க வேண்டியது, ஒரு கிட்டில் எத்தனை ரோல் கழுவுகிறார்கள், கலக்கி எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்பது. கணக்குச் சொல்லத் தெரிந்தவரை நம்பலாம். பெரிய லாப் என்றால் கண்ட்ரோல் ஸ்ட்ரிப் ஓட்டுகிறார்களா என்று கேளுங்கள். அளவாக ஒளிபடுத்தி வரும் சோதனைத் துண்டு அது. அதைக் கழுவி அடர்த்தியை அளந்தால் மருந்தின் நிலை தெரியும்.

எந்த ரோலை எந்த மருந்தில் போடுவது என்பதில் நடக்கும் பிழைதான் மிகக் கொடுமையானது. எச்பி5, ட்ரை-எக்ஸ் போன்ற கறுப்பு வெள்ளை பிலிமைத் தவறுதலாக சி-41இல் விட்டால், அதன் படம் முழுவதும் வெள்ளி என்பதால் டெவலப்பருக்கு அடுத்து வரும் மருந்துகளான பிளீச்சும் பிக்சரும் சேர்ந்து அதைத் துடைத்துவிடும். கைக்கு வருவது வெறும் பிளாஸ்டிக். எச்பி5ஐச் செய்யும் அதே இல்போர்ட் நிறுவனத்தின் எக்ஸ்பி2 சூப்பர், கறுப்பு வெள்ளையாக இருந்தும் சி-41க்கு உரியது. மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கும் சினிமா பிலிம் துண்டுகளில் முதுகுப்பக்கம் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு இருக்கலாம். அது சினிமா பிலிம் கழுவும் ஈசிஎன்-2 முறைக்கு உரியது. சாதாரண இயந்திரத்தில் விட்டால் கரி கழன்று உருளைகளில் ஒட்டி, அடுத்த ஆளின் கல்யாணப் படத்தையும் நாசமாக்கும். மறைத்துக் கொடுப்பது பாவம். ஸ்லைட் பிலிமுக்கு ஈ-6 என்ற வேறு முறை. டப்பாவில் அழியாத பேனையால் முறை, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு எண்), கூட்டிக் கழுவ வேண்டுமென்றால் எத்தனை ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்பது வெளிச்சம் இரட்டிப்பு) என்று எழுதுங்கள். வட்ஸ்அப்பில் மட்டும் சொன்னது கழுவுபவரின் மேசைக்குப் போய்ச் சேராது.

இனி நெகட்டிவைப் படிக்கும் விதம். கைபேசித் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதன்மேல் பால்வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி ஒன்றை வைத்து, அதற்கு மேலே நெகட்டிவைப் பிடியுங்கள். 50 மில்லிமீற்றர் லென்ஸைக் கழற்றித் தலைகீழாகக் கண்ணில் வைத்தால் அதுவே நல்ல உருப்பெருக்கி. படத்தைப் பார்க்கும் முன் ஓரத்தைப் பாருங்கள். துளைகளின் அருகே பிலிமின் பெயரும் பிரேம் இலக்கங்களும் இருக்கும். அவை தொழிற்சாலையிலேயே ஒளிபடுத்தப்பட்டவை. உங்கள் கமராவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஆகவே சாட்சி சொல்வது அந்த எழுத்துகள்தான். எழுத்து கறுத்துத் தெளிவாக இருந்து படம் மட்டும் மெலிந்திருந்தால், நீங்கள் வெளிச்சம் குறைவாகக் கொடுத்திருக்கிறீர்கள். லாப்பைத் திட்ட வேண்டாம். எழுத்தும் மங்கல், படமும் மங்கல் என்றால் மருந்து களைத்திருக்கிறது அல்லது நேரமோ சூடோ போதவில்லை. எழுத்து தடித்து ஓரம் கசிந்திருந்தால் அளவுக்கு மேல் கழுவியிருக்கிறார்கள். காலாவதியான பிலிமுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, அதில் எழுத்தே வலுவிழந்து வரும்.

கலர் நெகட்டிவ் சேறு பூசியது போலக் கனத்து, நிறம் செத்து, மணல்மணலாக வந்தால் பிளீச் போதாமல் வெள்ளி உள்ளே தங்கியிருக்கிறது. கறுப்பு வெள்ளை பால்போல் மங்கலாக இருந்தால் பிக்சர் போதவில்லை. இந்த இரண்டும் திருத்தக்கூடியவை. திருப்பிக் கொண்டுபோய், கலரை மறுபடி பிளீச்சிலும் பிக்சரிலும், கறுப்பு வெள்ளையை பிக்சரில் மட்டும் விடச் சொல்லுங்கள். நல்ல லாப்காரர் முகம் சுளிக்காமல் செய்வார். துளைகளுக்கு நேரே படத்துக்குள் கீற்றுக் கீற்றாக அடர்த்தி ஏறியிருந்தால், தொட்டியை ஒரே மாதிரி வேகமாக ஆட்டியிருக்கிறார்கள். வட்ட வட்டமான வெள்ளைத் தடம், கடைசித் தண்ணீரின் உப்பு.

நீளவாக்கில் ரோல் முழுவதும் ஒரே நேர்கோடாகக் கீறல் இருந்தால் இயந்திர உருளையா, கமராவா என்று கேள்வி வரும். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையில் ரோல் மாற்றுகிறவர்கள் முதலில் தங்களைச் சந்தேகிக்க வேண்டும். ரோல் டப்பாவின் வாயில் உள்ள வெல்வெட்டில் ஒரு மணல் அகப்பட்டால் போதும், 36 படத்திலும் கோடு விழும். அடுத்த ரோலை வீட்டுக்குள் மாற்றியும் கோடு வந்தால் கமராவையும் லாப்பையும் பாருங்கள்.

ஸ்கானுக்கு வருவோம். நொரிட்சு, பிரண்டியர் என்று லாப்காரர் பெருமையாகச் சொல்வார்கள். இரண்டும் நல்ல இயந்திரங்கள்தான், ஆனால் நிறத்தைத் தீர்மானிப்பது அதன் முன் இருக்கும் ஆள். நமது கரை கிழக்கே பார்ப்பது. இங்கே எடுபடுவது சூரியோதயம். தானியங்கித் திருத்தம் அந்தச் செம்மஞ்சளை "நிறப்பிழை" என்று நினைத்துச் சாம்பலாக்கி, கடலை நீலமாக்கித் தரும். தோலும் அப்படித்தான். முகம் கறுப்பாகத் தெரிகிறதென்று வெளிற வைத்துத் தருவது நமது ஸ்டூடியோக்களின் பழைய வியாதி. அதில் பின்னால் நிற்கும் கோபுரமும் வானமும் சேர்ந்து வெளுத்துப்போகும். "நிறத்தைத் தொட வேண்டாம், முகத்தை வெளிற்ற வேண்டாம், கொன்ராஸ்ட் கூட்டாமல் தட்டையாகத் தாருங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். அப்படித் தர மறுக்கும் இடத்தில் கழுவ மட்டும் கொடுக்கலாம்.

அளவை அங்குலத்தில் யோசியுங்கள். 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) 6×4 பிரிண்ட் 1800×1200 பிக்சல், 12×8க்கு 3600×2400. 35 மில்லிமீற்றர் பிரேமை 2400 டிபிஐயில் ஸ்கான் பண்ணினால் கிட்டத்தட்ட 3400×2270 வரும். பெரும்பாலானோருக்கு இது போதும். தட்டை ஸ்கானர் பெட்டியில் எழுதியிருக்கும் 6400 டிபிஐயை நம்பிக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், உண்மையில் கிடைக்கும் நுணுக்கம் அதற்கு மிகக் குறைவு. தூசு நீக்கும் டிஜிட்டல் ஐஸ் அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்வது; வெள்ளி அந்த ஒளியை மறிக்கும். எச்பி5 ஸ்கான் பூசி மெழுகினது போல வந்தால் ஐஸை அணைக்க மறந்திருக்கிறார்கள். படத்தின் மூலைகளையும் பெருப்பித்துப் பாருங்கள்: நடுவில் பிலிமின் நுண்மணி (கிரெய்ன்) தெளிவாக இருந்து மூலையில் கரைந்திருந்தால் பிலிம் வளைந்தபடி ஸ்கானாகியிருக்கிறது.

அனுப்புவது. கொழும்புக்குத் தெருவழியே ஏறத்தாழ 260 கிலோமீற்றர். சூடான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பகல் வண்டியில் பார்சல் வெந்துவிடும். மாலையில் கொடுத்து இரவில் ஓடும் பஸ்ஸோ கூரியரோ நல்லது. வெள்ளிக்கிழமையும் நீண்ட விடுமுறைக்கு முதல் நாளும் அனுப்ப வேண்டாம். ரோலின் நாக்கை (வெளியே நீளும் பிலிம் நுனியை) முழுவதும் உள்ளே சுற்றிவிடுங்கள், புது ரோல் என்று யாரும் நினைக்கக்கூடாது. மூடிய டப்பாவில் போட்டு, சிப் பையில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் வையுங்கள். 120 எனப்படும் அகல பிலிம் ரோல் என்றால் ஒட்டுத்தாளை இறுக்கி ஒட்டி வெள்ளித்தாளில் சுற்றவும். வெளிநாட்டில் இருந்து பிலிம் கொண்டுவருபவர்கள் எக்ஸ்ரே பிலிமைக் கெடுக்கும் என்பதால் பெட்டிக்குள் போட்டு விமானத்தில் ஏற்றவே கூடாது. கைப்பையிலும் புதுவகை சிடி ஸ்கானர் இருந்தால் கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

முக்கியமான ரோலை முன்பின் தெரியாத லாப்புக்குக் கொடுக்க வேண்டாம். மலிவான கலர் ரோல் இரண்டில் ஒரே காட்சிகளை எடுத்து இரண்டு இடத்துக்கு அனுப்புங்கள்: நிழலில் ஒரு முகம், சீமெந்துச் சுவர், விடியற்கடல், ஒரே காட்சி ஒரு ஸ்டொப் குறைத்தும், சரியாகவும், ஒன்று கூட்டியும், இரண்டு கூட்டியும், கடைசியில் லென்ஸ் மூடியோடு ஒரு வெற்றுப் பிரேம். அந்த வெற்றுப் பிரேம் இரண்டு லாப்பிலும் ஒரே செம்மஞ்சளாக இருக்க வேண்டும். ஒன்றில் கறுத்திருந்தால் அங்கே மருந்திலோ இருட்டிலோ பிரச்சினை.

பேசும்போதே நெகட்டிவ் திரும்பி வரவேண்டும் என்று சொல்லி, தபால் காசையும் கொடுத்துவிடுங்கள். சில இடங்களில் கேட்காவிட்டால் சில மாதத்தில் குப்பைக்குப் போகும். ஆறு ஆறாக வெட்டி, பிவிசி இல்லாத உறையில், தடித்த அட்டைக்கு நடுவே வைத்து அனுப்பச் சொல்லுங்கள். சுருட்டி டப்பாவில் அடைத்து வந்தால் நிமிர்த்தவே ஒரு கிழமை போகும். வந்ததும் ஐப்பசி மழைக்கு முன் ஈரம் புகாத பெட்டிக்குள் போய்விட வேண்டும்.