எக்மோ ஓடுகிறது, இடது பக்கம் என்ன ஆகிறது?

2016 டிசம்பரில் இதயம் நின்றதும் ஜெயலலிதாவுக்கு எக்மோ (இதயம், நுரையீரல் செய்யும் வேலையை வெளியிலிருந்து செய்யும் மெஷின்) வைத்தார்கள், 2020-ல் கொரோனாவின்போது எஸ்பிபிக்கும் வைத்தார்கள். அதற்கப்புறம் சென்னையில் அந்தப் பெயர் தெரியாத ஆள் குறைவு. ஐசியு வாசலில் நிற்கும் அண்ணன் தம்பிகள்கூட "ஃப்ளோ எவ்வளவு போகுது சார்?" என்று, அதாவது நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தை மெஷின் தள்ளுகிறது என்று, கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் இதயம் துவண்டுபோனவருக்குத் தொடை வழியாக வைக்கும் விஏ எக்மோவில் (சிரையிலிருந்து எடுத்துத் தமனியில் விடும் வகை), நான் முதலில் பார்ப்பது ஆர்ட்டீரியல் லைனின், அதாவது தமனிக்குள் வைத்துப் பிரஷர் அளக்கும் குழாயின், அலையைத்தான்.

மெஷின் சிரையிலிருந்து ரத்தத்தை இழுத்து, ஆக்சிஜன் ஏற்றி, தொடைத் தமனி வழியாக மகாதமனிக்குள் எதிர்த்திசையில் மேலே தள்ளுகிறது. மூளைக்கும் கிட்னிக்கும் ரத்தம் கிடைத்துவிடும், சரி. ஏற்கெனவே சோர்ந்து கிடக்கும் இதயத்தின் இடது கீழறையோ அந்த அழுத்தத்தை மீறி, மகாதமனியின் வாசலிலுள்ள அயோர்ட்டிக் வால்வைத் திறந்தாக வேண்டும். பல சமயம் முடியாது. வலது பக்கத்தில் எவ்வளவு உறிஞ்சினாலும் மூச்சுக்குழல்களுக்குப் போய்வரும் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும், வெளியே போக வழியில்லாமல் தேங்கும், கீழறை உப்பும், நுரையீரலில் நீர் கோக்கும், மூச்சுக்கு வைத்த ட்யூபில் இளஞ்சிவப்பு நுரை வரும். தேங்கிய ரத்தம் எக்கோவில் (இதய ஸ்கேனில்) புகை சுழல்வதுபோலத் தெரியும். அடுத்தது ரத்தக்கட்டி, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்து ஓடிக்கொண்டிருந்தாலும்.

இத்தனைக்கும் மானிட்டரில் சராசரி பிரஷர் 70 என்று அழகாகக் காட்டும். மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் வித்தியாசம் 10-க்குக் கீழே இறங்கி அலை தட்டையாகிவிட்டால், நடுராத்திரியானாலும் எக்கோ மெஷினை இழுத்து வரச் சொல்வேன்.

முதலில் ஃப்ளோவை உடம்பு தாங்கும் அளவுக்குக் குறைப்போம், இதயத் துடிப்புக்கு வலு கூட்டும் டோபுட்டமின் மருந்து போடுவோம், நீரை வெளியேற்றுவோம். அப்புறம் மகாதமனிக்குள் விரிந்து சுருங்கி இதயத்தின் சுமையைக் குறைக்கும் பலூன் பம்ப். இம்பெல்லா என்ற குட்டிப் பம்ப் கீழறைக்குள்ளேயே உட்கார்ந்து ரத்தத்தை எடுத்து மகாதமனியில் விடும், நேரடியான வழி, ஆனால் அதன் விலை இங்கே பல குடும்பங்களுக்கு எட்டாது, ரத்த அணுக்கள் சிதைவதும் ரத்தக்கசிவும் தனித் தலைவலி. மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரைத் துளைத்து இடது பக்கத்தை வடியவிடுவதும் உண்டு.

இப்படி வடியவிடுவதை எல்லோருக்கும் ஆரம்பத்திலேயே செய்துவிடலாமே? கொரியாவில் 116 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ஏர்லி அன்லோட் ஆய்வில் அப்படிச் செய்தும் 30 நாள் இறப்பு குறையவில்லை. ஆனால் காத்திருந்த பிரிவில் பாதிப் பேருக்குப் பிற்பாடு செய்தே ஆக வேண்டி வந்தது. அதனால் எல்லோருக்கும் வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். வால்வு திறக்கவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகும் "காலையில் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது.