டர்போவை மாற்றுமுன் அதன் வேக்குவம் வால்வைச் சோதியுங்கள்

டீசல் கார் மேடு ஏறும்போது திடீரென இழுவை குறைந்து, எஞ்சின் விளக்கு எரிந்து, சாவியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்ததும் ஒன்றும் நடவாததுபோல் ஓடினால், ஒர்க்‌ஷாப்பில் முதலில் காதில் விழுவது ‘டர்போ போச்சு சார்’ என்பதுதான். என் காருக்கும் அதே தீர்ப்புதான் வந்தது. ஸ்கேனரில் இருந்த கோட் பி0299. டர்போ எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும் காற்றின் அழுத்தம், எஞ்சினின் கணினி கேட்ட அளவுக்கு வரவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. குறை எங்கே என்பதைச் சொல்வதில்லை. ஆகவே வண்டியை வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டேன்.

என் காரில் இருப்பது வேக்குவத்தால் (வெற்றிட உறிஞ்சலால்) இயங்கும் வேரியபிள் ஜியாமெட்ரி டர்போ, அதாவது உள்ளிருக்கும் இறக்கைகளின் கோணத்தை மாற்றி அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வகை. எஞ்சினோடு சுழலும் வேக்குவம் பம்பிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று மின்காந்தத்தால் இயங்கும் சொலினாய்டு வால்வுக்கும், அங்கிருந்து மற்றொன்று டர்போவின் மேல் அந்த இறக்கைகளை நகர்த்தும் ஆக்சுவேட்டருக்கும் செல்கின்றன. எவ்வளவு வேக்குவத்தை அனுப்புவது, எவ்வளவை வெளிக்காற்றில் விடுவது என்பதை எஞ்சின் கணினியான இசியுவின் கட்டளைப்படி அந்த வால்வு தீர்மானிக்கிறது. மின்மோட்டார் ஆக்சுவேட்டர் உள்ள வண்டிகளுக்கு இந்தச் சோதனைகள் பொருந்தா.

முதலில் குழாய்களைப் பார்க்க வேண்டும். எஞ்சின் சூட்டில் வெந்த ரப்பர், முனையில் மட்டும் மயிரிழையாக வெடித்திருக்கும். வளைத்துப் பார்த்தால்தான் தெரியும். அடுத்து, கைவேக்குவம் பம்பை ஆக்சுவேட்டரில் நேரடியாக மாட்டி மெதுவாக இழுத்தால், அதன் தண்டு தடையின்றி நகர்ந்து, பம்பிலுள்ள கேஜின் (அளவுமானியின்) முள் இறங்காமல் நிற்க வேண்டும். முள் இறங்கினால் ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு (டயாஃப்ரம்) கிழிந்திருக்கிறது. தண்டு பாதியில் சிக்கினால் டர்போவின் இறக்கைகளில் கரி படிந்திருக்க வாய்ப்புண்டு. அப்போது வால்வை மாற்றிப் பயனில்லை. என் காரில் தண்டு சீராக நகர்ந்தது, முள்ளும் அசையவில்லை.

பிறகு எஞ்சினை ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல்) ஓடவிட்டு, வால்வுக்குள் வரும் குழாயில் கேஜை மாட்ட வேண்டும். கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களில் நல்ல பம்ப் ஏறத்தாழ 25 அங்குலப் பாதரச அளவைக் காட்டும். (உதகையில் இதே சோதனையைச் செய்பவர்கள் பயப்பட வேண்டாம், அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே சுமார் 23 அங்குலம்தான், அதைத் தாண்டி எந்தப் பம்பாலும் இழுக்க முடியாது.) உள்ளே வருவது சரியாக இருந்ததால் கேஜை வெளியேறும் குழாய்க்கு மாற்றினேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்வரை எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. நன்றாகச் சூடேறிய பிறகோ முள் நடுங்கத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பாதிக்கும் கீழே இறங்கியது. காலையில் ஒழுங்காக ஓடும் வண்டி நெடுஞ்சாலையில் மட்டும் படுத்துக்கொண்டதன் காரணம் அங்கேயே புலப்பட்டது. இந்தச் சோதனையைக் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் செய்துவிட்டு வால்வு நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவது சரியல்ல.

மல்டிமீட்டரால் வால்வின் மின்சுருளின் ஓம் (மின்தடை) அளவையும் பார்க்கலாம். சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிட வேண்டும். ஆனால் ஓம் சரியாக இருந்தும் உள்ளே கசியும் வால்வுகள் உண்டு. என்னுடையது அந்த வகை. சில எஞ்சின்களில், புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் இஜிஆருக்கும் இதே வால்வுதான் பக்கத்தில் இருக்கும். பாகத்தின் எண் ஒன்றாக இருந்தால் இரண்டையும் இடம்மாற்றி, குறை கூடவே நகர்கிறதா என்று பார்ப்பது செலவில்லாத வழி. வால்வின் காற்றுத்துளையில் விரல்நுனி அளவுள்ள ஸ்பாஞ்சு ஃபில்டர் ஒன்றும் இருக்கலாம். அது தூசியால் அடைத்துக்கொண்டால் வேக்குவம் வெளியேறாமல் தங்கி, அழுத்தம் மிகையாகி, பி0234 கோட் வரக்கூடும்.

புதிய வால்வை மாட்டுமுன் பழையதில் எந்தக் குழாய் எந்த முனையில் இருந்தது என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்கேனரில் பழைய கோட் பதிவை அழித்து, நீண்ட மேட்டில் ஓட்டி, கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஒன்றையொன்று ஒட்டிச் செல்கின்றனவா என்று ஸ்கேனரில் பாருங்கள்; திரையைப் பார்க்கப் பக்கத்தில் ஒருவரை உட்காரவைப்பது அவசியம். ஐடிலில் தெரியும் 100 கிலோபாஸ்கலை டர்போவின் கணக்கில் சேர்க்காதீர்கள், அது வெறும் வெளிக்காற்றின் அழுத்தம்.