கத்திரி வெயிலில் ஐந்தாம் மாசம்

எனக்கு ஐந்தாம் மாசம் பிறந்த வாரமே கத்திரியும் பிறந்தது. பெரம்பூரில் மூன்றாவது மாடி வீடு, அதற்கு மேல் மொட்டை மாடி. தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. பகலில் முடியாது என்பதால் இருட்டியதும் ஏழு மணிக்கு மாடியேறி நடப்பேன். வெயில்தான் இல்லையே என்ற தைரியம்.

அன்றைக்குப் பதினைந்தாவது சுற்று இருக்கும். காது அடைத்துக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர்த் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். தளத்தின் சூடு நைட்டியைத் தாண்டித் தொடையில் ஏறியது. பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தத் தளம் அப்போதுதான் கக்கிக்கொண்டிருந்தது. துணி எடுக்க வந்த அத்தை பார்த்துவிட்டுக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிப்போய், எலுமிச்சம்பழத்தில் உப்பும் சர்க்கரையும் போட்டுக் கலக்கிக் கொடுத்தார்.

மறுநாள் டாக்டரம்மா பிரஷர் பார்த்து, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க வைத்தார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போது வந்துவிட்டது. "நடந்தது தப்பில்லம்மா, நடந்த இடந்தான் தப்பு" என்றார். மாசமாக இருக்கும்போது உடம்பே கூடுதலாகச் சூட்டை உண்டாக்குமாம். வேர்வை வழிந்தால் போதாது, அது காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சென்னைப் புழுக்கத்தில் வேர்வை காய்வதே இல்லை. உள்ளுடம்பின் வெப்பம் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது முதல் சில வாரங்களில்தான் பெரிய கவலை. குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்குமான குழாய் மூடிக்கொள்ளும் காலம் அது. எனக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. ஆனாலும் நீர்வற்றினால் வயிறு இறுகும், மயங்கி விழுந்தால் ஆபத்து என்றார்.

வீட்டில் 'சூடு' என்றால் பப்பாளி, எள், கருப்பட்டிதான். அதையெல்லாம் நான் தொடவே இல்லை. நிஜமான சூடு தரையிலிருந்தும் காற்றிலிருந்தும் ஏறும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அதன்பிறகு நடை ஹாலுக்கு வந்தது. காலை ஆறு மணி, அடுப்பு பற்றவைக்கும் முன்னால். பால்கனிக் கதவு திறந்திருக்கும், ஃபேன் ஓடும், கழுத்தில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துண்டு. அரைமணியை ஒரேயடியாக நடக்காமல் பத்துப் பத்து நிமிடமாக மூன்று வேளைக்குப் பிரித்துக்கொண்டேன். பகலில் காற்றே 38, 39 டிகிரியில் இருக்கும்போது ஃபேன் அனலைத்தான் வாரி இறைக்கும். தோல் ஈரமாக இருந்தால்தான் அதனால் பலன். ரொம்பக் கொளுத்திய நாட்களில் மதிய நடையை விட்டுவிட்டேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. நடக்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீர், பின் ஒரு டம்ளர். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் அன்றைக்குக் குடித்தது போதவில்லை என்று கணக்கு.

தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்கினேன். அக்குளில் வைத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் சூடு சரியாகத் தெரியாது, அதை நம்பி நடக்காதே என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார். அதனால் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டுக்கொண்டு நடந்தேன். ஒருநாள் பாதிப் பேச்சில், "மூச்சு வாங்குதே, உட்காருடி" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உட்கார்ந்த பிறகுதான் நெஞ்சு படபடத்தது புரிந்தது.

இந்தக் கோடையில் மாசமாக இருப்பவர்களுக்கு: நடக்கும்போது தலைசுற்றல், தலைவலி, குமட்டல் வந்தால் உடனே நிறுத்தி நிழலில் இடதுபக்கமாகப் படுங்கள், தண்ணீர் குடியுங்கள். அப்படியும் தணியாவிட்டால், வயிறு விட்டுவிட்டு இறுகினால், ரத்தமோ நீரோ கசிந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.