எஸ்விசிஹோஸ்ட் யாருக்காக வெளியே போகிறது?

விண்டோஸ் 10, 11 கணினியில் எதையும் திறக்காமல் ரிசோர்ஸ் மானிட்டரின் நெட்வொர்க் பக்கத்தைப் பாருங்கள். எஸ்விசிஹோஸ்ட் (svchost.exe) என்ற விண்டோஸ் நிரல் எங்கோ ஒரு ஐபி முகவரியுடன் பேசிக்கொண்டிருக்கும். சிலர் பயந்துபோய் அதை ஃபயர்வாலில் மொத்தமாகத் தடுத்துவிடுகிறார்கள். அப்டேட், தளப் பெயருக்கு ஐபி முகவரி தேடும் டிஎன்எஸ், கடிகாரத்தைச் சரிசெய்வது எல்லாம் அதே பெயரில்தான் ஓடுகின்றன. எல்லாமே சேர்ந்து முடங்கும்.

எஸ்விசிஹோஸ்ட் வெறும் கூடு. உள்ளே ஓடும் சர்வீஸ் (பின்னணியில் இயங்கும் வேலை) எது என்பதுதான் கேள்வி. 2017இல் வந்த 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ராம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சர்வீஸ்களுக்குத் தனித்தனி எஸ்விசிஹோஸ்ட் உண்டு. ஆகவே பிஐடியை (ஓடும் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் உள்ள அடையாள எண்ணை) குறித்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரின் சர்வீசஸ் பக்கத்தில் தேடினால் பெயர் கிடைத்துவிடும். கோப்பு சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்கிறதா, அதைத் தொடங்கியது சர்வீசஸ் ப்ராசஸ்தானா என்பதையும் மைக்ரோசாஃப்ட்டின் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் கருவியில் பாருங்கள். இணைப்புகளைப் பட்டியலிடும் நெட்ஸ்டாட் கட்டளையில் பிஐடி 0 என்று வந்தால் மிரள வேண்டாம். அது முடிந்துபோன இணைப்பு, டைம்-வெயிட் நிலையில் நிற்கிறது. அதை உருவாக்கிய ப்ராசஸ் எது என்பது அங்கே தெரியாது.

ஐபி முகவரியை வைத்துத் தேடுவது பெரும்பாலும் வீண். அகாமாய் போன்ற சிடிஎன் (பல தளங்களின் கோப்புகளை வழங்கும் சர்வர் வலை) முகவரிக்குப் பின்னால் ஆயிரம் தளங்கள் இருக்கும். கேட்கப்பட்ட டொமைன் பெயர்தான் வேண்டும். ஈவென்ட் வியூவரில் டிஎன்எஸ் கிளையன்ட் ஈவென்ட்ஸ் கீழே உள்ள ஆபரேஷனல் லாகை இயக்குங்கள். வழக்கமாக அது அணைந்தே இருக்கும். 3008 எண்ணுள்ள பதிவுகளில் கேட்ட பெயரும் கிடைத்த விடையும் இருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் கண்காணிப்புக் கருவியான சிஸ்மான் போட்டிருந்தால் 22ஆம் எண் பதிவு கேட்ட நிரலையும் சேர்த்தே சொல்லும். கண்ணில் படாமல் நொடியில் முடியும் இணைப்புகளுக்கு இதுவே நல்ல வழி.

போர்ட் 80இல் போகும் மறைகுறியாக்கம் இல்லாத இணைப்புகள்தான் அதிகம் சந்தேகப்படப்படுகின்றன. அவற்றில் ஒன்று, ரத்தான பாதுகாப்புச் சான்றிதழ்களின் பட்டியலை எடுப்பது. அதை எச்டிடிபிஎஸ் வழியாக எடுத்தால், அந்த இணைப்பின் சான்றிதழைச் சரிபார்க்க இன்னொரு பட்டியல் வேண்டும். அதற்கு முடிவே இல்லை. பட்டியலிலேயே கையொப்பம் இருப்பதால் திறந்த வழியில் வந்தாலும் யாரும் திருத்திவிட முடியாது. எம்எஸ்எஃப்டிகனெக்ட்டெஸ்ட் டாட் காம் என்ற தளத்திலிருந்து ஒரு சிறு உரைக்கோப்பை எடுப்பது இணையம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. அதைத் தடுத்தால் இணையம் நன்றாக ஓடும்போதே ‘இணையம் இல்லை’ என்று விண்டோஸ் காட்டும். போர்ட் 7680 என்றால் டெலிவரி ஆப்டிமைசேஷன். பக்கத்துக் கணினிகளோடு அப்டேட் துண்டுகளைப் பகிர்வது. வேண்டாமென்றால் செட்டிங்ஸிலேயே நிறுத்தலாம்.

உண்மையில் கவனிக்க வேண்டியது பின்னணியில் பதிவிறக்கம் செய்யும் பிட்ஸ் (BITS) சர்வீஸ். எந்த நிரலும் அதனிடம் பதிவிறக்க வேலை கொடுக்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் தன் அப்டேட்டுக்குக் கொடுக்கிறது, தீநிரல்களும் கொடுக்கின்றன. இரண்டிலும் வெளியே தெரிவது மைக்ரோசாஃப்ட் கையொப்பமுள்ள எஸ்விசிஹோஸ்ட்தான். கையொப்பத்தைப் பார்த்துத் திருப்தியடைந்தால் இங்கேதான் கோட்டைவிடுவோம். அட்மின் உரிமையுடன் பிட்ஸ்அட்மின் கருவியில் எல்லாப் பயனர்களின் வேலைகளையும் விரிவாகப் பட்டியலிடுங்கள். வேலையின் உரிமையாளர், எடுக்கும் முகவரி, முடிந்ததும் இயக்க வேண்டிய கட்டளை எல்லாம் வரும். அறியாத முகவரியும் கட்டளையும் சேர்ந்திருந்தால், வேலையை ரத்து செய்யுமுன் அந்தக் கட்டளையை எழுதி வையுங்கள். அடுத்துத் தேட வேண்டிய கோப்பு எது என்பதை அதுதான் காட்டும்.